பணமா, மாவா, கூலியா, உர மூட்டையா? ஆப்பிரிக்காவின் தெற்கில் ஏழை வீட்டுக்கு எதை முதலில் கொடுப்பது

மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கை நல்ல காரியத்துக்கு ஒதுக்கும் நண்பர்கள் சிலர், அப்புறம் சமூகப்பணி படிக்கிற பிள்ளைகள் சிலர், இரண்டு தரப்பும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மலாவி, சாம்பியா, லெசோத்தோ மாதிரி நாடுகளில் வறுமையைக் குறைக்கக் கையில் ஒரு தொகைதான் இருக்கிறது என்றால், அதை வீட்டுக்கு வீடு ரொக்கமாகக் கொடுத்துவிடலாமா, தானியமாகக் கொடுப்பது பத்திரமா, வேலை கொடுத்துக் கூலியாகத் தரலாமா, இல்லை உரம் வாங்கிக் கொடுத்தால் அவர்களே விளைவித்துச் சாப்பிட்டுக்கொள்வார்களா? நாலுக்கும் ஆதரவாகப் பேச ஆள் இருக்கிறது, நாலையும் திட்டவும் ஆள் இருக்கிறது, படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

நான் மலாவியின் தலைநகர் லிலாங்வேயில் மூன்று வருஷம் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்த்தவன். ஊர் திரும்பிய பிறகும் அந்த நாடுகளைப் பற்றிப் படிப்பதை விடவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உழைக்கத் தெம்பான ஆள் இல்லாத வீட்டுக்கு, அதிலும் வயதானவர்கள் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் வீட்டுக்கு, தேதி தவறாமல் ரொக்கம். அதுதான் முதல். மற்ற மூன்றுக்கும் இடம் உண்டு, ஆனால் அவற்றைக் கொடுக்கும்போது ஆளும் பார்க்க வேண்டும், மாதமும் பார்க்க வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

மலாவியில் மழை ஒரே பருவம்தான். நவம்பரில் விழத் தொடங்கி ஏப்ரல் வாக்கில் ஓயும், ஏப்ரல் மே மாதங்களில் மக்காச்சோளம் அறுப்பார்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரு ஹெக்டேர் நிலம்கூடக் கிடையாது, அதனால் வீட்டுக் குதிர் டிசம்பருக்குள் காலியாகிவிடும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை பசி மாதங்கள். கொடுமை என்னவென்றால், சொந்த வயலில் களையெடுக்க வேண்டியதும் உரம் வைக்க வேண்டியதும் அதே மாதங்களில்தான். வீட்டில் மாவு இல்லாதவர்கள் தன் வயலை அப்படியே விட்டுவிட்டு, அடுத்தவர் வயலைக் கொத்தி அன்றன்றைக்கு மாவு வாங்கி வருவார்கள். இந்தக் கூலிக்கு அங்கே ‘கன்யு’ என்று பெயர். தன் வயலில் களை மண்டியதால் விளைச்சல் குறையும், விளைச்சல் குறைந்ததால் அடுத்த வருஷம் இன்னும் சீக்கிரமே கன்யுவுக்குப் போக வேண்டும். வறுமை சுழலாக ஓடுகிறது என்று எல்லோரும் சொல்கிறோமே, அது அங்கே காலண்டரிலேயே தெரியும்.

அதனால் எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, இது எந்த மாதம் போய்ச் சேர்கிறது என்பது. இரண்டாவது, உழைக்க ஆளில்லாத வீட்டுக்கும் சேர்கிறதா என்பது. அப்புறம், அந்த நேரத்தில் பக்கத்துச் சந்தையில் தானியம் இருக்கிறதா, அதன் விலை என்ன ஆகிறது? வழியில் எவ்வளவு கரைகிறது, யார் கையில் கரைகிறது? கடைசியாக, பணம் யாருடையது, கொடுப்பவர் விலகிக்கொண்டால் மறுநாள் என்ன ஆகும்?

ஒவ்வொன்றையும் மூன்று வீடுகளின் வாசலில் நிறுத்திப் பார்க்கிறேன். மூன்றும் நானாக வைத்துக்கொண்டவை, ஆனால் இப்படிப்பட்ட வீடுகள் அந்தப் பக்கம் ஊருக்கு ஊர் உண்டு. ஒன்று, மகனையும் மருமகளையும் எய்ட்ஸுக்குப் பறிகொடுத்துவிட்டு மூன்று பேரப்பிள்ளைகளை வளர்க்கும் எழுபது வயதுப் பாட்டி. இரண்டு, அரை ஹெக்டேர் நிலமும் நல்ல உடம்பும் இருக்கிற இளம் தம்பதி, கைக்குழந்தையோடு. மூன்று, நகரத்து ஓரத்தில் தகரக் குடிசையில் வேலை தேடி அலுத்துப்போன இருபத்தைந்து வயதுப் பையன்.

## கையில் ரொக்கம்

இதில் தென் ஆப்பிரிக்க நாட்டுக்குத்தான் நீண்ட வரலாறு. 1928-இல் முதியோர் ஓய்வூதியம் வந்தபோது கறுப்பினத்தவருக்கும் இந்தியர்களுக்கும் கிடையாது. 1944-இல்தான் அவர்களையும் சேர்த்தார்கள், அதுவும் வெள்ளையரைவிடக் குறைந்த தொகையில். டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பெரியவர்கள் அந்தக் குறைந்த தொகையில்தான் காலம் தள்ளினார்கள். எல்லா இனத்துக்கும் ஒரே தொகை என்பது 1993-இல்தான் முழுமையானது. அப்புறம் 1998-இல் குழந்தை உதவித்தொகை, ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாதம் 100 ராண்ட் என்று தொடங்கி, படிப்படியாக 18 வயது வரை நீட்டினார்கள். இன்று சுமார் 1 கோடியே 30 லட்சம் குழந்தைகளுக்குப் போகிறது. தொகை சின்னதுதான்: 2024-இல் மாதம் 530 ராண்ட். அந்த வருஷம் ஒரு ஆள் ஒரு மாதம் வயிறு நிறையச் சாப்பிட மட்டும் தேவை என்று அரசின் புள்ளிவிவரத் துறையே போட்ட கணக்கு 796 ராண்ட்.

ஆனாலும் வேலை செய்கிறது. பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்ளோ 2003-இல் வெளியிட்ட ஆய்வில், முதியோர் பணம் பாட்டியின் கைக்கு வந்த வீடுகளில் பேத்திகளின் எடையும் உயரமும் தேறியிருந்தன. தாத்தாவின் கைக்கு வந்த வீடுகளில் அப்படியொரு மாற்றம் தெரியவில்லை. ஓய்வூதியம் என்று பெயர் வைத்து வயதானவருக்குக் கொடுத்ததே குழந்தையின் உடம்பில் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் முதல் வீட்டுப் பாட்டியைப் பற்றி நான் பிடிவாதமாக இருப்பதற்கு இந்த ஒரு ஆய்வு முக்கியக் காரணம்.

பணக்கார நாடு என்பதால் தென் ஆப்பிரிக்காவுக்கு முடிகிறது என்பவர்களுக்கு லெசோத்தோவைக் காட்டுவேன். மலைகளுக்கு நடுவே இருக்கிற சின்ன நாடு. 2004 நவம்பரில் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் 150 மலோட்டி என்று தன் சொந்த வருமானத்தில், வெளிநாட்டு உதவி இல்லாமல் தொடங்கியது. 2007 தேர்தலில் அந்தத் தொகையை ஏற்றுவதே பெரிய பேச்சாகி, 200 ஆனது. குறை என்று சொன்னால் அந்த 70 என்கிற வயதுதான். அப்போது அங்கே சராசரி ஆயுள் நாற்பதுகளில் இருந்தது, பலர் ஓய்வூதியத்தைக் கண்ணால் பார்க்கும் முன்பே போய்விட்டார்கள். ஆனால் வயது ஒன்றுதான் தகுதி என்பதால் ஊரில் சண்டை இல்லை. அரசாங்க ஓய்வூதியம் ஏற்கெனவே வாங்குகிறவர்களைத் தவிர 70 தாண்டிய யாருக்கும் உண்டு, யாரும் யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

மலாவியில் தேர்ந்தெடுக்கிறார்கள், அங்கேதான் சிக்கல். ‘ம்துகுலா பகோமோ’, வீட்டைத் தூக்கி நிறுத்துவது என்று பொருள்படும் பெயரில் 2006-இல் ம்சின்ஜி மாவட்டத்தில் சோதனையாகத் தொடங்கிய திட்டம், பின்னர் நாடு முழுக்க விரிந்து 3 லட்சம் குடும்பங்களை நெருங்கியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மிக ஏழையாகவும் உழைக்க ஆளில்லாததாகவும் இருக்கிற 10 சதவீத வீடுகளுக்கு மட்டும். நாட்டில் 2019-20 கணக்கெடுப்பின்படி பாதிக்கு மேற்பட்டவர்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே. கிராமத்தில் நூறு வீடு இருந்தால் அறுபது வீடு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும், அதில் பத்தை மட்டும் எழுதிக்கொண்டு போகிறவர் மீது மற்ற ஐம்பது வீட்டுக்கும் வருத்தம் வராமல் இருக்குமா?

ரொக்கத்தால் ஊருக்கே ஆதாயம் என்பதை நான் பில் புத்தகத்தில் பார்த்தேன். ம்சின்ஜி பக்கமிருந்து எங்கள் கடைக்குச் சரக்கெடுக்க வரும் சில்லறை வியாபாரிகள், அந்தப் பணம் பட்டுவாடா ஆன வாரத்தில் வழக்கத்தைவிட அதிகம் எடுப்பார்கள். சோப்பு, உப்பு, ரப்பர் செருப்பு, பள்ளி நோட்டு. பட்டுவாடா தள்ளிப்போன மாதம் அவர்களும் கடன் சொல்லுவார்கள். சாம்பியாவில் கலாபோ, கபூட்டா, ஷங்கோம்போ மாவட்டங்களில் சின்னக் குழந்தை உள்ள வீடுகளுக்குக் கொடுத்த திட்டத்தைச் சில வருஷம் தொடர்ந்து அளந்ததில், கொடுத்த தொகையைவிட அதிகமாக அந்த வீடுகளின் வாழ்க்கை உயர்ந்திருந்தது. கோழி, ஆடு வாங்கினார்கள், கொஞ்சம் வியாபாரம் தொடங்கினார்கள். ரொக்கம் கொடுத்தால் குடித்துத் தீர்ப்பார்கள் என்கிற பயத்தைப் பல ஆப்பிரிக்க நாடுகளில் அளந்து பார்த்தாயிற்று, மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதாகத் தெரியவில்லை.

பள்ளிக்குப் போனால்தான் பணம் என்று நிபந்தனை போடலாமா என்றும் கேட்கிறார்கள். மலாவியின் சோம்பா மாவட்டத்தில் 2008, 2009-இல் பதின்வயதுப் பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். நிபந்தனையோடு வாங்கியவர்களுக்குப் பள்ளி வருகை நன்றாக இருந்தது. ஆனால் படிப்பை விட்டுவிட்ட பெண்களிடையே, நிபந்தனை இல்லாமல் வாங்கியவர்கள்தான் சின்ன வயதுத் திருமணத்தையும் கர்ப்பத்தையும் அதிகம் தவிர்த்தார்கள். யாருக்கு உதவி மிக அவசரமோ அவள் நிபந்தனையில் தவறித் தொகையை இழந்துவிடுவாள். எனக்கு நிபந்தனையில் நம்பிக்கை இல்லை.

இனி மறைந்த செலவுகள். முதலில் விலைவாசி. 2023 நவம்பரில் மலாவி தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தபோது டாலர் ஒன்று 1,180 குவாச்சாவிலிருந்து 1,700-க்குப் போனது. தாளில் தொகை அதே தொகைதான், பாட்டியின் கூடைக்குள் விழும் மாவு குறைந்துபோனது. அடுத்தது, பணத்தைக் கொண்டுசேர்க்கிற வழி. தென் ஆப்பிரிக்காவில் பட்டுவாடா வேலையை ஒரு தனியார் நிறுவனத்துக்கு 2012-இல் விட்டார்கள், அந்த ஒப்பந்தம் செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2013-இல் சொன்னது. அந்தக் காலத்தில் கடன் தவணை, செல்போன் ரீசார்ஜ் என்று பயனாளிகளின் கணக்கிலிருந்தே பிடித்துக்கொண்டதாக ஏகப்பட்ட புகார். அதோடு ‘மஷோனிசா’ என்கிற தெருவோர வட்டிக்காரர், பாட்டியின் அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கித் தன் பெட்டியில் வைத்துக்கொள்வார். சாம்பியாவில் 2018-இல் 40 லட்சம் டாலருக்கு மேல் காணவில்லை என்று தெரிந்து, பிரிட்டன் முதலான நாடுகள் உதவியை நிறுத்தின, துறை அமைச்சர் பதவி இழந்தார். தப்பு செய்தவர் யாரோ, பல மாதம் பணம் வராமல் இருந்தது பயனாளிகளுக்கு.

என் மூன்று வீடுகளில் பாட்டிக்கு இது முழுப் பொருத்தம். இளம் தம்பதிக்கு நல்லதுதான், ஆனால் மலாவியின் விதிப்படி உழைக்கும் ஆள் இருப்பதால் பெயர் வராது. பையனுக்கு எங்கேயும் கிடையாது, தென் ஆப்பிரிக்காவைத் தவிர. அங்கே கோவிட் காலத்தில் 2020-இல் வேலையில்லாதவர்களுக்கு 350 ராண்ட் என்று தொடங்கிய உதவி இன்னும் தொடர்கிறது.

## தானியமும் மாவும்

ரொக்கத்துக்கு இவ்வளவு பரிந்து பேசுகிற நான் ஒரு ஜனவரியில் கற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும். முதுகில் குழந்தையைச் சிட்டேஞ்சித் துணியால் கட்டிக்கொண்டு, தோளில் மண்வெட்டியோடு ஒரு அம்மா எங்கள் குடியிருப்புக்குக் கன்யு கேட்டு வந்தார். பின்பக்கப் புல்லைக் கொத்தச் சொன்னேன். முடித்ததும் வழக்கமான கூலியைவிடக் கொஞ்சம் கூட்டிப் பணத்தை நீட்டினேன், அவர் வாங்கவில்லை. மாவு இருக்கிறதா என்று கேட்டார். அந்த வாரம் சந்தையில் மக்காச்சோளத்தின் விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது, பணத்தை எடுத்துக்கொண்டு நடந்துபோய்ச் சேர்வதற்குள் எவ்வளவு கிடைக்கும் என்று அவருக்கே தெரியவில்லை. அளந்து கொட்டும்போது தரையில் சிந்திய மாவை விரல் நுனியால் கூட்டி எடுத்து அதையும் முடிச்சுக்குள் போட்டுக்கொண்டார்.

சந்தையில் தானியமே இல்லாதபோது, அல்லது விலை ஓடும்போது, தானியம்தான் சரி. 2024-இல் எல் நினோ வறட்சியால் சாம்பியாவின் மக்காச்சோள விளைச்சல் பாதிக்கும் கீழே போனது. சாம்பியா, மலாவி, ஜிம்பாப்வே மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தேசியப் பேரிடர் அறிவித்தன. அப்படிப்பட்ட வருஷத்தில் வெளியிலிருந்து தானியம் வராமல் வெறும் பணத்தை இறக்கினால் இருக்கிற கொஞ்சத்துக்கும் விலை ஏறும், பட்டியலில் பெயர் இல்லாத வீடு இன்னும் திண்டாடும்.

இதற்கு ஒரு நடுவழியும் முயன்றார்கள். 2006-07-இல் மலாவியின் தோவா மாவட்டத்தில் கன்சர்ன் என்கிற தொண்டு நிறுவனம், மாதாமாதம் உள்ளூர்ச் சந்தை விலையைப் பார்த்து அதற்கேற்ப ரொக்கத்தை ஏற்றிக் கொடுத்தது. அதற்கு முந்தைய வருஷம் பாதி உணவு, பாதி பணம் என்று கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் இதைப் பரவலாகச் செய்ய வேண்டும், ஆனால் எந்த அரசாங்கத்துக்கும் பட்ஜெட் போடும்போது தெரியாத தொகையை எழுதப் பிடிப்பதில்லை.

தானியத்தின் மறைந்த செலவு லாரியும் கிடங்கும். மலாவிக்கும் சாம்பியாவுக்கும் கடற்கரை கிடையாது. வெளிநாட்டுத் தானியம் மொசாம்பிக், தான்சானியா, தென் ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் இறங்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தரைவழி வர வேண்டும். தாமதமாகி ஏப்ரலில் வந்து இறங்கினால் அறுவடைச் சமயத்தில் விலையை அடித்து, இளம் தம்பதி விற்க வைத்திருக்கும் இரண்டு மூட்டைக்கும் மதிப்பில்லாமல் செய்துவிடும். எந்தத் தானியம் வருகிறது என்பதும் அரசியல். 2002 பஞ்சத்தில் மரபணு மாற்றிய மக்காச்சோளத்தைச் சாம்பியாவின் அதிபர் லெவி ம்வனவாசா விஷம் என்று சொல்லி ஏற்க மறுத்தார். அக்கம்பக்கத்து நாடுகள் சில, விதைக்க முடியாதபடி மாவாக அரைத்துக் கொடுத்தால் சரி என்றன.

பள்ளிக்கூடக் கஞ்சியை மட்டும் தனியாகப் பேச வேண்டும். மக்காச்சோள மாவும் சோயா மாவும் சேர்த்துக் காய்ச்சும் ‘லிகுனி பாலா’ கஞ்சியை ஒரு குவளை கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையில் நிற்பதைப் பார்த்தால், இதை நிறுத்துங்கள் என்று யாருக்கும் வாய் வராது. 2002-இல் மலாவியில் 200 குழந்தைகளோடு தொடங்கிய மேரிஸ் மீல்ஸ் இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. குழந்தையின் வாய்க்கு நேராகப் போகிறது, பள்ளிக்கும் இழுக்கிறது. ஆனால் பள்ளி வயதுக்கு முன்பே, முதல் இரண்டு வருஷத்திலேயே, வளர்ச்சி நின்றுபோகிற குழந்தைகளுக்கு அந்தக் குவளை எட்டாது. மலாவியில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வயதுக்கேற்ற உயரமில்லை.

## கூலிக்கு வேலை

அரசியல்வாதிகளுக்கு இது பிடிக்கும், வரி கட்டுகிறவர்களுக்கும் பிடிக்கும், சும்மா கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். லெசோத்தோவில் இதற்கு ‘ஃபாட்டோ-ஃபாட்டோ’ என்று பெயர், தோண்டுவது என்கிற சொல்லிலிருந்து வந்தது. மண் அரித்துப்போன ஓடைப் பள்ளங்களில் கல் அடுக்கித் தடுப்புக் கட்டுவார்கள், வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். போட்ஸ்வானாவின் ‘இபெலெகெங்’, பிள்ளையை முதுகில் சுமப்பது போல உன்னை நீயே சுமந்துகொள் என்கிற பொருள்.

நன்றாக நடந்த இடமும் போட்ஸ்வானாதான். 1982 முதல் 1987 வரை தொடர்ந்து வறட்சி, ஆனாலும் பஞ்சச் சாவு இல்லாமல் தப்பித்தார்கள். கூலி வேலையோடு பள்ளியிலும் சுகாதார நிலையத்திலும் உணவு கொடுத்ததும், வைரத்தில் வந்த வருமானம் கையில் இருந்ததும் காரணம். தென் ஆப்பிரிக்காவின் சமூக வேலைத் திட்டம், இந்தியாவின் 100 நாள் வேலைத் திட்டத்தைப் பார்த்துச் சில யோசனைகளை எடுத்துக்கொண்டது. வாரம் இரண்டு நாள் வேலை, வருஷத்துக்கு 100 நாள். நிரந்தரமாக வேலை இல்லாத ஊரில் வாரம் இரண்டு நாள் நிச்சயம் என்பது என் மூன்றாவது வீட்டுப் பையனுக்குப் பெரிய விஷயம், காலையில் எழுந்து போக ஒரு இடம் கிடைக்கிறது.

மலாவியில் அளந்து பார்த்தபோதுதான் முகம் சுருங்கியது. பொது வேலைத் திட்டத்தை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், வேலை கிடைத்த வீடுகளில் பசி மாதச் சாப்பாடு தேறவில்லை. வேலை கிடைக்காத பக்கத்து வீடுகளின் நிலை கொஞ்சம் மோசமாகக்கூட ஆகியிருந்தது. என் ஊகம், நாட்கள் மிகக் குறைவு, கூலியும் குறைவு என்பது. அரை வயிற்றோடு இருக்கிற உடம்பை வெயிலில் மண் சுமக்க வைத்து, அந்த வேலைக்குச் செலவான தெம்பை ஈடுகட்டவே கூலியில் பாதி போய்விட்டால் வீட்டுக்கு என்ன மிஞ்சும்? ஜனவரியில் வேலை வைத்தால் தம்பதியின் சொந்த வயலில் களை மண்டும். மண்வெட்டி, மேற்பார்வையாளர், வருகைப் பதிவேடு எல்லாவற்றுக்கும் பணம் போகும். பாட்டி அந்தப் பதிவேட்டிலேயே இல்லை.

## உர மூட்டை

மலாவியின் அரசியலே இதில்தான் ஓடுகிறது. 1998-இல் எல்லா விவசாயக் குடும்பத்துக்கும் 15 கிலோ உரமும் 2 கிலோ விதையும் இலவசமாகக் கொடுத்தார்கள், பின்னர் குறைத்தார்கள். 2005-இல் அறுவடை பொய்த்து 40 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பசியில் நின்றபோது, அதிபர் பிங்கு வா முதாரிகா, உதவி கொடுக்கும் நாடுகள் தயங்கியும் கேட்காமல், கூப்பன் முறையில் மானிய உரத்தைக் கொண்டுவந்தார். வீட்டுக்கு 50 கிலோ மூட்டை இரண்டு. 2005-இல் 12 லட்சம் டன்னாக இருந்த மக்காச்சோளம் 2007-இல் 32 லட்சம் டன்னைத் தாண்டியது என்பது அரசுக் கணக்கு. அந்தக் கணக்கு கூடுதல் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு, மழையும் நன்றாகப் பெய்தது, ஆனால் தானியம் பெருகியது பொய்யில்லை. பசித்தவன் கேட்டதைக் கேட்டுச் செய்த ஒரு அரசாங்கம் என்கிற மரியாதை எனக்கு இப்போதும் உண்டு.

செலவுதான் தாங்கவில்லை. 2008-09-இல் உலகச் சந்தையில் உர விலை ஏறியபோது நாட்டின் பட்ஜெட்டில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இந்த ஒரே திட்டத்துக்குப் போனது. மருந்துக்கும் பள்ளிக்கும் ம்துகுலா பகோமோவுக்கும் போகக்கூடிய பணம் அது. முன்பணம் கொடுத்து ஏமாந்ததும் உண்டு: 2022-இல் பிரிட்டனில் இருக்கும், உர வியாபாரமே இல்லாத, இறைச்சி விற்கிற ஒரு நிறுவனத்துக்குக் கோடிக்கணக்கான குவாச்சா போய், மூட்டை வரவேயில்லை, விவசாய அமைச்சரை நீக்கினார்கள். கிராமத்துக்குள் வந்தால், கூப்பன் பத்தாததால் ஊர்த் தலைவர் இரண்டு மூன்று வீடுகளுக்குச் சேர்த்து ஒரு மூட்டையைப் பிரித்துவிடுவார். எல்லோரும் ஏழை என்கிற ஊரில் அதைத் தவறு என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் உரம் பிரியப் பிரிய பலன் யாருக்கும் முழுதாக இல்லை. தன் பங்குக் காசு கட்ட முடியாத வீடு கூப்பனையே விற்றுவிடும்.

இளம் தம்பதிக்கு இதுதான் மிகப் பொருத்தம், அதில் சந்தேகமில்லை. நிலமும் உடம்பும் இருக்கிறது, குறைவது உரம்தான். ஆனால் வருஷாவருஷம் மக்காச்சோளமே போட்டு அலுத்த மண்ணில் உரத்தின் பலன் குறைந்துகொண்டே வரும். இடையில் துவரை, நிலக்கடலை போட்டு மண்ணைத் தேற்றினால்தான் மூட்டைக்குச் செய்த செலவு திரும்பும். பாட்டிக்கு மூட்டை வந்தாலும் வயலில் இறங்க யார் இருக்கிறார்கள்?

## ஒரே பார்வையில்

| | யாருக்குப் பொருத்தம் | மறைந்த செலவு | எப்போது இதுவே சிறந்தது |
|---|---|---|---|
| ரொக்கம் | முதியோர், அநாதைக் குழந்தைகள் உள்ள வீடு | விலைவாசி தின்றுவிடும், வட்டிக்காரர், பட்டியல் சண்டை | சந்தையில் தானியம் இருக்கும் வருஷம் முழுக்க |
| தானியம், மாவு | எல்லா வீடும், பள்ளிப் பிள்ளைகள் | லாரி, கிடங்கு, தாமதம், உள்ளூர் விலைச் சரிவு | வறட்சி வருஷத்தின் டிசம்பர் முதல் மார்ச் வரை |
| கூலி வேலை | நகரத்து இளைஞர், நிலமில்லாதவர் | கருவி, மேற்பார்வை, உடல் தெம்பு, சொந்த வயல் வேலை கெடுவது | அறுவடைக்குப் பின், ஜூன் முதல் அக்டோபர் வரை |
| உர மானியம் | நிலமும் உழைப்பும் உள்ள சிறு விவசாயி | பட்ஜெட்டை விழுங்குவது, கொள்முதல் ஊழல், மண் சோர்வு | அக்டோபருக்குள் மூட்டை ஊருக்கு வந்துவிட்டால் |

## நமீபியாவில் நடந்தது

எதைத் தேர்வது என்பதில் நல்ல மனம் உள்ளவர்களே எப்படி இடம் மாறுகிறார்கள் என்பதற்கு இது ஒரு உதாரணம். விண்ட்ஹூக் நகருக்குக் கிழக்கே ஒட்ஜிவேரோ-ஒமிட்டாரா என்கிற சின்னக் குடியிருப்பு. 2008 ஜனவரி முதல் 2009 முடிய, 60 வயதுக்குட்பட்ட சுமார் 930 பேருக்கு, ஏழை பணக்காரர் பார்க்காமல் மாதம் 100 நமீபிய டாலர் கொடுத்தார்கள். முன்னின்றவர்களில் முக்கியமானவர் ஆயர் செஃபானியா கமீட்டா. குறைந்த எடையுள்ள குழந்தைகளின் விகிதம் 42 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கியது என்று நடத்தியவர்கள் கணக்குக் காட்டினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஊரை வைத்துக்கொள்ளவில்லை என்று பொருளாதார அறிஞர்கள் குறை சொன்னார்கள், அந்தக் குறை நியாயமானது. அரசாங்கம் திட்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை. 2015-இல் அதே கமீட்டா வறுமை ஒழிப்பு அமைச்சரானார், அவர் காலத்தில் வந்தது ரொக்கம் இல்லை, உணவு வங்கி. மாதாமாதம் பொட்டலம். சில வருஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பயனாளிகளைப் பின்னர் மாத ரொக்கத்துக்கே மாற்றினார்கள். அரசாங்கம் சுற்றிச் சுற்றி வந்த அந்த வருஷங்களில் வளர்ந்துகொண்டிருந்த குழந்தைகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

## சரி, உங்கள் தேர்வு

பாடத்துக்காகக் கேட்கிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எந்த நாட்டைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வரி வருமானமும் வங்கிக் கிளைகளும் இருக்கிற தென் ஆப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியாவில் கேள்வி, ரொக்கம் எவ்வளவு, இளைஞருக்கும் உண்டா என்பது. மலாவியிலும் சாம்பியாவிலும் கேள்வி, உர மானியத்துக்குப் போகிற பணத்தில் எவ்வளவை உழைக்க ஆளில்லாத வீடுகளுக்குத் திருப்பலாம் என்பது. என் பதில், கணிசமான பங்கை. அதுவும் பத்து சதவீதம் என்று கிராமத்தில் கோடு போடாமல், லெசோத்தோ மாதிரி வயதை வைத்து. அந்தப் பணம் சொந்தக் கஜானாவிலிருந்து வர வேண்டும் என்பதிலும் நான் உறுதியாக இருக்கிறேன். அமெரிக்காவின் உதவி முகமை 2025-இல் மூடப்பட்டது. அடுத்தவர் பணத்தில் ஓடிய திட்டங்கள் என்ன பாடுபட்டன என்று பார்த்தாயிற்று.

பணம் அனுப்பப் போகிறவர்கள், நிறுவனத்தின் பெயரைவிட இரண்டு கேள்விகளுக்கு என்ன பதில் தருகிறார்கள் என்று பாருங்கள். சந்தை விலை ஏறினால் தொகையை ஏற்றுவீர்களா? ஊரில் கையில் கிடைப்பது எந்த மாதம்? பிப்ரவரி என்று சொன்னால் அது அன்றைய பசிக்கு உதவும், அதுவும் வேண்டும்தான். முடிந்தால் அக்டோபருக்குள் சேர்வதைத் தேர்ந்தெடுங்கள். பாட்டி அந்தப் பணத்தில் விலை ஏறும் முன்பே மக்காச்சோளம் வாங்கி வைத்துக்கொள்வார். அந்த இளம் தம்பதி, நவம்பரில் முதல் மழை விழும்போது கன்யுவுக்குக் கிளம்பாமல், தன் வயலில் விதையோடு நிற்கலாம்.